மெழுகுக்கு அடியில் உப்பு

முதலில் பாக்குவெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழம்பொருட்களைக் காக்கப்போய் நான் கெடுத்த முதல் பொருள் அதுதான்.

ஒரு சாண் நீளம், இரும்பு. கைப்பிடிகள் முடியும் இடத்தில் கிளிமூக்கு மாதிரி ஒரு வளைவு, நடுவில் பித்தளை ஆணி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் வைத்திருந்த ஒரு போடியார் வீட்டு வெற்றிலை வட்டாவில் கிடந்தது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போன பிறகு வட்டா, படிக்கம், நெல் அளக்கும் மரைக்கால், ஒரு முதிரைப் பெட்டகம் எல்லாம் சேர்ந்து எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வந்தன. கூடவே பாக்குவெட்டியும்.

எங்கள் ஊர் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. நடுவில் இருக்கிற மணல் திட்டியில்தான் வீடு, பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை எல்லாம். இரவில் வெளியே விட்ட சைக்கிளின் செயினைக் காலையில் தொட்டால் விரலில் செம்மண் நிறம் ஒட்டும். அப்படிப்பட்ட காற்று. வாசிகசாலையின் பின்னறைக்குத் தகரக் கூரை. ஏசி கிடையாது. இரண்டு கண்ணாடி அலுமாரி, ஒரு மேசை, ஒரு சீலிங் ஃபேன். சித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த அறையின் திறப்பைக் கொடுத்து, "டீச்சர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்க" என்று நிர்வாகத்தார் ஒதுங்கிவிட்டார்கள். 2017இல் அறையைத் திறந்தோம்.

பொருட்களைத் துடைத்து, பளபளவென்று ஏதாவது பூசி வைத்தால் கெடாது என்பதுதான் அப்போது என் அறிவு. என் அம்மம்மா பாக்குவெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவா. அது சரிதான். அவவின் பாக்குவெட்டி ஒரு நாளைக்கு இருபது தரம் கைக்கு வந்துபோகும், துடைபடும், திரும்பவும் எண்ணெய் படும். அலுமாரிக்குள் ஆறு மாதம் அசையாமல் கிடக்கிற பொருளுக்கு அந்தக் கைவைத்தியம் சரிவராது என்று எனக்கு உறைக்கவில்லை.

வாகரைப் பக்கமிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற ஒருவரிடம் தேன்மெழுகு கட்டி வாங்கினேன். ஒரு பங்கு மெழுகு, இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய், சுடுதண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். வாசம் சொல்லி வேலையில்லை, வீடே தேன்கூடு மாதிரி மணத்தது. பாக்குவெட்டி, வட்டா, மரைக்காலைச் சுற்றியிருந்த பித்தளைப் பட்டி எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசினேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் "புதுசு மாதிரி இருக்கு" என்றார்கள். அந்தச் சொல்லே ஒரு எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது.

மூன்று கிழமையில் வட்டாவின் விளிம்பில் தூசி தடித்து நின்றது. துடைத்தால் போகவில்லை, மெழுகோடு குழைந்து கறுப்புச் சேறானது. பெட்டகத்தின் காலடியில் எறும்பு வரிசை. ஆறாம் மாதம் மரைக்காலின் பட்டி ஓரங்களில் மெழுகே பச்சையாகிவிட்டது, கிளிப்பச்சை. பாக்குவெட்டியின் ஆணியைச் சுற்றி மெழுகு சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ஈரமான செம்மஞ்சள் துரு.

என்னிடம் சித்திரம் படித்த ஒரு பிள்ளை கொழும்பில் பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறாள். 2018 சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவள் வட்டாவை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள்.

"தேங்காய் எண்ணெயா டீச்சர்?"

"ஓம்."

"சிக்கு நாத்தம் அடிக்குது."

அன்று அவள் சொன்னவற்றில் மூன்று விஷயம் என் மண்டையில் நின்றது. ஒன்று, தேங்காய் எண்ணெய் காலப்போக்கில் சிக்குப் பிடித்துப் புளிப்பேறும், அந்தப் புளிப்பு உலோகத்தைத் தின்னும். இரண்டு, தேன்மெழுகிலும் இயற்கையாகவே கொழுப்பு அமிலம் உண்டு. செம்பு கலந்த உலோகத்தில் அது பட்டால் மெல்ல மெல்லப் பச்சைச் சோப்பு மாதிரி ஒன்று உருவாகும். நான் பார்த்த கிளிப்பச்சை அதுதான். மூன்று, சூடு. தேன்மெழுகு 62 முதல் 65 பாகை வரையான சூட்டில் உருகும் என்றாலும் 35 பாகை அளவிலேயே பிசையக்கூடிய மாதிரி இளகிவிடும். எங்கள் தகரக் கூரையின் கீழ் வைகாசி, ஆனி மாத மத்தியானத்தில் மனிதரே இளகிப்போவோம், மெழுகு என்ன செய்யும்? இளகிய மெழுகு காற்றில் வருகிற அத்தனை மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான்காவதாக அவள் சொன்னதும் காதில் விழுந்தது. "மெழுகு கடைசி வேலை டீச்சர். அதுக்கு முந்தின வேலைதான் பெரிசு." தலையை ஆட்டினேன். கொப்பியில் எழுதியது மட்டும் நல்ல மெழுகின் பெயரை.

அந்த மெழுகின் பெயர் ரெனசான்ஸ் வாக்ஸ். 1950களில் லண்டன் பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் உருவானது. அதற்கு முன் அவர்களும் நம்மைப் போலத் தேன்மெழுகு, பனைமர இனத்தின் இலையிலிருந்து எடுக்கிற கார்னௌபா மெழுகு என்றுதான் பூசிக்கொண்டிருந்தார்கள். அமிலமில்லாத, மஞ்சளாகாத ஒன்று வேண்டும் என்று தேடியபோது பெற்றோலியத்திலிருந்து கிடைக்கிற நுண்படிக மெழுகு சரிவந்தது. படிகங்கள் மிகச் சிறியவை, அதனால் மெல்லிய படலமாக விரியும். 80 பாகைக்குக் கிட்டத்தான் உருகும். அதோடு பொலித்தீன் இன மெழுகு ஒன்றைக் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் இறுக்கம். பழைய செய்முறையில் நுண்படிக மெழுகு 100 கிராம், மற்றது 25 கிராம், இரண்டையும் கரைக்க, பெயின்ற் இளக்குகிற வைற் ஸ்பிரிட் 300 மில்லிலீற்றர். அவ்வளவுதான் அதன் இரகசியம்.

லண்டனிலிருக்கும் என் தங்கையின் மகன் ஊருக்கு வந்தபோது 200 மில்லிலீற்றர் டின் ஒன்று கொண்டுவந்தான். "பெரியம்மா, எல்லாரும் சொக்கலேட் கேப்பாங்க, நீங்க மெழுகு கேக்குறீங்க" என்று சிரித்தான். மூடியைத் திறந்தால் பனிக்கட்டி நிறத்தில் ஒரு பசை, பெயின்ற் கடை வாசம். அந்தச் சின்ன டின் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. இந்த மெழுகை எவ்வளவு கொஞ்சமாகப் பூசவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாக்குவெட்டியை எப்படி மீட்டேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன், இது பலருக்கும் உதவும். முதலில் படம் எடுத்தேன், இரண்டு பக்கமும். பிறகு பழைய மெழுகைக் கழற்றவேண்டும். ஹாட்வெயார் கடை வைற் ஸ்பிரிட்டில் பருத்தித் துணியை நனைத்துத் துடைத்தால் தேன்மெழுகும் எண்ணெயும் இளகி வரும். முற்றத்தில் வைத்துத்தான் செய்யவேண்டும். அடுப்பு, விளக்கு, சாம்பிராணி ஒன்றும் கிட்ட இருக்கக்கூடாது. அது 40 பாகைக்குக் கிட்ட வந்தாலே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும், நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு தூரத்தில் இல்லை. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறிய வேண்டும்.

அடுத்தது துரு. நான் பொலிஷ் பேப்பர் எடுத்தேன். பிள்ளை வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஐயோ டீச்சர், கீழ வையுங்க" என்று கத்தினாள். தேய்த்தால் இரும்பும் போகும், கிளிமூக்கில் இருக்கிற கொத்துவேலையும் போகும். மூங்கில் குச்சியைச் சீவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, தளர்ந்த துருவை மட்டும் சுரண்டினேன். இறுகிப் பிடித்த கறுப்பு மண்ணிறப் படலம் இருக்கட்டும் என்றாள். அது இரும்பின் வயது. மூன்று பின்னேரம் போனது.

இதற்கிடையில் ஒரு மடத்தனமும் செய்தேன். உப்பைக் கழுவவேண்டும் என்று எங்கோ கேட்டதை வைத்து, பாக்குவெட்டியை ஒரு சட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் தண்ணீர் தேநீர் நிறம், பாக்குவெட்டி முழுக்கப் புதுத் துரு. இரும்பைத் தனித் தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. ஆய்வுகூடத்தில் அதற்குக் காரம் சேர்த்த கரைசல் இருக்கிறது, வீட்டு வேலை அல்ல. வீட்டில் செய்யக்கூடியது, பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, உடனே மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் ஒருதரம் துடைத்து, தலைமுடி காயவைக்கிற மெஷினை மெல்லிய சூட்டில் பிடிப்பது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலேயே சவர் இருக்கிறது, கழுவக் கழுவ உப்பைச் சேர்ப்போம்.

காய்ந்த இரும்பு கைபொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே மெழுகு. விரலில் கையுறை. மென்மையான பருத்தித் துணி, என் கணவரின் பழைய வேட்டி. துணியின் நுனியில் ஒரு பச்சைப்பயறு அளவு மெழுகு, ஒரு பக்கம் முழுவதற்கும் அது போதும். வட்டம் வட்டமாகத் தேய்த்துப் படரவிட்டு, ஆணியைச் சுற்றியும் கொத்துவேலைக்குள்ளும் சின்னத் தூரிகையால் தொட்டு, சில நிமிடத்தில் வைற் ஸ்பிரிட் பறந்ததும் வேறு சுத்தமான துணியால் மினுக்கவேண்டும். மினுக்கல்தான் வேலை. மினுக்காமல் விட்ட மெழுகு மங்கலாய், தடிப்பாய், தூசிக்குக் கூடாய் நிற்கும். அடுத்த நாள் இன்னொரு பூச்சு, முதல் பூச்சில் விட்ட இடங்களுக்காக. முடிந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்தாக உருண்டு நின்றது. உடனே துடைத்துவிட்டேன். விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் மங்கலாகத் தெரியும், தண்ணீரைவிட அதுவே நல்ல சோதனை.

பாக்குவெட்டி இப்போது கறுப்பாய், அடக்கமாய் இருக்கிறது. புதுசு மாதிரி இல்லை.

அந்த வெற்றி என் தலைக்கு ஏறியது. டின் கையில், கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசினேன்.

முதிரைப் பெட்டகத்தின் முகப்பில் தாமரைப் பூ செதுக்கல். அதற்குள் மெழுகை அழுத்திவிட்டு மினுக்க மறந்தேன், மினுக்கவும் எட்டாது. ஒரு மாதத்தில் இதழ் மடிப்பெல்லாம் கோலமாவு போட்ட மாதிரி வெள்ளை. வைற் ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துத் தோண்டி எடுக்க இரண்டு நாள். அதுவும் முதலில் பெட்டகத்தின் பின்புறம் ஒரு மூலையில் துளி வைத்து, பழைய வார்னிஷ் கரையவில்லை என்று பார்த்த பிறகுதான். செதுக்கல் உள்ள மரத்தில் மேடுகளுக்கு மட்டும் பூசுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள். கறையானுக்கும் இந்த மெழுகுக்கும் சம்பந்தமே இல்லை, அதையும் சிலர் கேட்கிறார்கள்.

வாசிகசாலை வாசலில் பழைய நங்கூரம் ஒன்று கிடக்கிறது, மீனவர் சங்கத்தார் தந்தது. கார்த்திகை மழைக்கு முன் அதற்கும் பூசினேன். தை பிறக்க முன் மெழுகு இருந்த சுவடே இல்லை. மழையும் வெயிலும் படுகிற இடத்தில் மெழுகு நிற்க வேண்டுமென்றால், உலோகத்தைச் சூடாக்கி மெழுகை உள்ளே ஊறவிட்டு, வருடா வருடம் கழுவித் திரும்பப் பூசவேண்டும். வெளிநாடுகளில் வெண்கலச் சிலைகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். நங்கூரத்துக்கு நாங்கள் கூரைதான் போட்டோம். நாலு தகரம், நாலு கட்டை. இதுவரை நான் செய்த பாதுகாப்பு வேலைகளில் பணத்துக்கு மிகப் பெறுமதியானது அதுதான்.

ஊரில் பெயரும் பரவிவிட்டது. கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் ஒருநாள் வந்து, "டீச்சர், நம்மட தூண்டாமணி விளக்குக்கும் இத ஒருக்காப் பூசித் தாங்களன்" என்றார். முடியாது என்றேன். தினமும் எரிகிற விளக்கில் எண்ணெய் பட்டால் மெழுகு கரையும், சூட்டில் இளகும், திரிக்கரியைப் பிடித்துக்கொள்ளும். அபிஷேகம் நடக்கிற விக்கிரகங்களுக்கும் அதே கதை. புழக்கத்தில் உள்ள பொருளுக்குப் புழக்கமே பாதுகாப்பு. "அப்ப இந்த டின் ஆருக்கு?" என்று கேட்டார். வேலையில்லாமல் அலுமாரியில் குந்தியிருக்கிற பொருளுக்கு என்றேன். "எங்களப் போல பென்சன்காரருக்கு எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருவர் ஏட்டுச்சுவடிக் கட்டோடு வந்தார். ஏட்டுக்கு, காகிதத்துக்கு, மத்தளத் தோலுக்கு, சுட்ட மண்ணுக்கு, கருங்கல் அல்லாத நுண்துளைக் கல்லுக்கு இதைத் தொடவே கூடாது. உள்ளே இறங்கியது திரும்ப வராது, ஈரம் வெளியேறும் வழியும் அடைபடும். எங்களிடம் வடமோடிக் கூத்துக் கிரீடம் ஒன்று இருக்கிறது. இலேசான மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியது. அதன் மேல் நான் மெழுகுத் துணியைக் கொண்டுபோன நேரம் பிள்ளையின் சத்தம் ஞாபகம் வந்து நிறுத்தினேன். பசையும் சாயமும் வைற் ஸ்பிரிட்டில் என்ன பாடுபடும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருளாகக் கணக்கெடுக்கப்படும். வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய காசோ சிலையோ கிடைத்தால், புளி போட்டு விளக்கி மெழுகு பூசி அலுமாரியில் வைப்பது நம் வேலை இல்லை. தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லவேண்டும். மேலேயிருக்கிற மண்ணே அவர்களுக்குச் சாட்சி.

இனி விளக்கு.

நாவலடிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவரின் குத்துவிளக்கு. வெண்கலம், இரண்டரை அடி, உச்சியில் அன்னம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டோடு போனது. 2011இல் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மூன்று துண்டாக மணலுக்குள்ளிருந்து வந்தது. அவவின் தாய் கலியாணத்துக்குக் கொண்டுவந்த விளக்கு. புளியும் சாம்பலும் போட்டு விளக்கி சாமியறையில் வைத்தா. திரும்பத் திரும்பப் பச்சை பூத்ததாம். விளக்க விளக்கப் பூத்ததாம். 2019இல் "என்னால விளக்க ஏலாது மகள், நீயே வச்சிரு" என்று கொண்டுவந்து தந்தா.

நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வைற் ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய சூடு காட்டி, பச்சைப்பயறு அளவு எடுத்து, இரண்டு பூச்சு, மினுக்கல். பாடம் படித்த பிள்ளையாக எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அலுமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். பெரியம்மா வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்தா.

மாரி மழை தொடங்கி ஒரு மாதத்தில் அன்னத்தின் கழுத்து மடிப்பில் வெளிறிய பச்சைத் தூள். செம்பில் சாதாரணமாகப் படிகிற கடும்பச்சை வேறு. அது வழவழப்பாய் இறுகியிருக்கும், பொருளுக்குக் கேடில்லை. இது சுண்ணாம்பில் பச்சை கலந்த மாதிரி, ஊதினால் பறந்தது. அடியில் குண்டூசித் தலையளவு பள்ளம். நல்ல மெழுகை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. படம் எடுத்துக் கொழும்புப் பிள்ளைக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"டீச்சர், இது கடலுக்குள்ள கிடந்ததா?"

"மணலுக்குள்ள. ஏழு வருசம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "ஈரத்தலைய முடிஞ்சு கொண்டை போட்டா என்னாகும் டீச்சர்?"

"உள்ளுக்குள்ள நாறும்."

"அதத்தான் செஞ்சிருக்கீங்க."

கடல் உப்பின் குளோரைட் வெண்கலத்துக்குள் இறங்கி, செம்போடு சேர்ந்து ஒரு உப்பாக அடியில் ஒளிந்திருக்கும். காற்றில் ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தால் அது விழித்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும், தின்றதில் பச்சைத் தூள் வரும், குளோரைட் மட்டும் செலவாகாமல் அடுத்த பகுதிக்குப் போகும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். பெரியம்மாவின் புளி மேலேயிருந்த பச்சையை எடுத்தது, வேரை எடுக்கவில்லை. அதோடு புளியின் அமிலம் கொஞ்சம் உலோகத்தையும் கொண்டுபோனது. என் மெழுகு வேரின் மேல் மூடி போட்டது. அதுவும் எப்படிப்பட்ட மூடி? மெழுகு நீராவியைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாக மறிக்காது. மாரி மாதத்தில் எங்கள் அறைக்குள் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் நிற்கும். நோய் அடங்கிக் கிடக்க 40 வீதத்துக்கும் கீழே வேண்டும். நான் பூசியது எந்த மெழுகாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

பாக்குவெட்டிக் கொப்புளத்தைக் கிள்ளியபோதே இது விளங்கியிருக்க வேண்டும். தேன்மெழுகு கூடாது, லண்டன் மெழுகு நல்லது என்று மட்டும் விளங்கிக்கொண்டேன். அந்த ஈரத் துருவுக்குள்ளும் உப்புத்தான் இருந்தது.

விளக்கு கொழும்புக்குப் போனது. மெழுகைக் கரைத்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு குழியிலுமிருந்து தூளைச் சுரண்டி, உப்பைக் கழுவி, பென்சோட்ரையசோல் என்ற மருந்தில் ஊறவைத்தார்கள். அது செம்போடு சேர்ந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். உடம்புக்கு ஆகாத சாமான், வீட்டில் முயல வேண்டாம். பல மாதம் எடுத்தது. கடைசியில் ஒரேயொரு மெல்லிய பூச்சு, அதே மெழுகு. கடைசி வேலை.

திரும்பி வந்த விளக்கு இப்போது அலுமாரியில் இல்லை. இறுக்கமாக மூடுகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. சின்ன ஈரமானி ஒன்றை வெளியிலிருந்து வாசிக்கிற மாதிரி உள்ளே ஒட்டியிருக்கிறேன். ஜெல் நீலமாக இருந்தால் உலர்ந்தது, இளஞ்சிவப்பானால் மாற்றவேண்டும். ஒரு செட் பெட்டிக்குள், ஒரு செட் எடுத்து ஓவனில் உலர்த்த. அதற்கென்றே தனித் தட்டு, சமையல் தட்டில் வேண்டாம், அந்த நீலச் சாயம் நஞ்சு. மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

அறைக்கு வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் இப்போது கொப்பியில் ஒரு பக்கம். முதல் கேள்வி, எங்கே கிடந்தது? கடல், மணல், வாவிச் சேறு, சமையலறைப் பறன், சாமியறை. அதைக் கேட்காமல் டின்னைத் திறப்பதில்லை. புதிதாக வருகிற உலோகத்தை ஒரு மாரி முழுக்க ஒன்றும் பூசாமல் தனியே வைத்துப் பார்க்கிறேன். உப்பு இருந்தால் தானே காட்டிக்கொடுக்கும், இரும்பில் வியர்வை மாதிரிச் செம்மஞ்சள் துளி, வெண்கலத்தில் அந்த வெளிறிய தூள். பூசியது என்ன, எந்தத் திகதி, எத்தனை பூச்சு என்பதும் எழுதுகிறேன். எனக்குப் பிறகு திறப்பை வாங்குகிறவர் எதைக் கழற்றவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

போன மாதம் பெரியம்மா வந்தா. எண்பத்தைந்து தாண்டிவிட்டது, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருத்தினேன்.

"இப்பிடி அடைச்சு வச்சா அதுக்கு மூச்சு முட்டாதா மகள்?"

"முட்டத்தான் வேணும் பெரியம்மா."

என்ன விளங்கியதோ, தலையை ஆட்டினா. பிறகு, "ஒருக்காத் துறவன்" என்றா. திறந்தேன். கையுறை கொடுக்க மறந்துவிட்டேன். விரலால் அன்னத்தின் கழுத்தைத் தடவினா, குளிப்பாட்டிய பிள்ளையின் கழுத்து மடிப்பில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அவ போன பிறகு வேட்டித் துணியால் விரலடையாளத்தை ஒற்றி எடுத்து, ஜெல்லை மாற்றி, மூடி, திகதியை எழுதிவைத்தேன். பெட்டிக்குள் 58 வீதம் காட்டிய மானி அடுத்த நாள் பின்னேரம் 36க்கு இறங்கியிருந்தது.